எண்பத்தெட்டுப் புள்ளி ஒன்று

ஆர்லிஸ் கார் ஓட்டுவதை முதன்முதலாகப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். ஸ்டீயரிங் பக்கத்துச் சீட்டில் ஆளே இருக்காது. வலப்பக்கச் சீட்டில் தடிமனான கோட்டு போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்து, இடது கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இடது காலை எட்டிப்போட்டுப் பெடலை மிதித்துக்கொண்டு, வலது கையால் சன்னல் வழியே தபால் பெட்டியைத் திறந்து கடிதம் போட்டுக்கொண்டே போவாள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணல்மேட்டுச் சீமையில் தபால்காரர்களுக்குச் சொந்தக் கார்தான். காருக்கு ஸ்டீயரிங் இடப்பக்கம், ரோட்டோரத் தபால் பெட்டிகளோ வலப்பக்கம். வேறென்ன செய்வது? முன்சீட்டு ஒரே பலகையாக நீண்டிருக்கும் பழைய பியூக் வண்டியாகப் பார்த்து வாங்கி, ஆர்லிஸ் இருபது வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறாள்.

இதனால் அவள் உடம்பே இடப்பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்று அவள் கணவன் லேலண்ட் கேலி செய்வான். கல்யாண வீடு, சாவு வீடு, மாட்டு ஏலம், எங்கே போனாலும் நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிச் சிரிக்க வைக்காமல் விடமாட்டான். "எம் பொண்டாட்டி நேரா நின்னா வீடுதான் சாஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்பான். அவளுக்குக் கோபம் கோபமாக வரும். நவம்பர் மாதம் ஒரு கிழட்டுப் பசு லேலண்டை இரும்புக் கேட்டோடு சேர்த்து நசுக்கி இடுப்பெலும்பை முறித்ததிலிருந்து அந்தக் கேலி நின்றுபோனது. இப்போது அதைக் கேட்க அவள் ஏங்கினாள்.

ஆஸ்பத்திரியில் இடுப்புக்குள் தகடு வைத்து, ஊன்றி நடக்க இரண்டு கம்புகளைக் கொடுத்து அனுப்பினார்கள். மாட்டுப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். வாய் ஓயாத மனிதன் அதோடு வாயை மூடிக்கொண்டான். சமையலறை மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். பக்கத்துப் பண்ணைக்காரர் ஓட்டோ காலையும் மாலையும் வந்து தீவனம் போட்டுப் போனார். எழுபது வயதாகியும் கல்யாணம் கட்டாத மனிதர். அவர் போகும்போது லேலண்ட் "தேங்க்ஸ்" என்று ஒரு வார்த்தை சொல்வான். அன்றைய பேச்சில் பாதி அதில் முடிந்துவிடும்.

மார்ச் மாதம் கன்று போடும் காலம். லேலண்டுக்கு மிச்சமிருந்த ஒரே வேலை, கேட்டுக்கொண்டிருப்பது. கொட்டகையில் ஒரு மைக் தொங்கும். சிகரெட் பெட்டி அளவு இருக்கும். மாடு முனகினால், காலை உதைத்தால், அது சமையலறை ரேடியோவில் கேட்கும். மணல்மேட்டில் அநேகமாக எல்லா வீட்டிலும் இப்படி ஒன்று உண்டு. குளிரில் அரை மணிக்கொரு தரம் கொட்டகைக்கு ஓடுவதற்குப் பதில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். பிரசவ முனகலுக்கும் சும்மா முனகலுக்கும் லேலண்டுக்கு வித்தியாசம் தெரியும். தெரிந்ததும் ஓட்டோவுக்குப் போன் போடுவான். "நாப்பத்தி மூணு" என்று மாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

இந்த நிலையில்தான் தபால் நிலையத் தலைவி வெர்லா ஆர்லிஸைக் கூப்பிட்டாள். உள்ளே கடிதம் பிரிக்கிற வேலை காலியாகிறது, வெயிலில்லை, பனியில்லை, டவுனிலேயே படிக்கட்டு இல்லாத வீடு ஒன்றும் வாடகைக்கு இருக்கிறது, டாக்டர் வீடு நடந்துபோகிற தூரம். மார்ச் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும்.

டவுனுக்குப் போவதென்றால் மாடுகளை விற்றாக வேண்டும். ஆர்லிஸ் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னாள். லேலண்ட் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் நசுக்கினான்.

"உன் இஷ்டம்" என்றான்.

"என் இஷ்டமா? மாடு யாருது? நெலம் யாரு பாட்டன் சம்பாரிச்சது?"

"உன் இஷ்டம்னு சொல்லிட்டேன்ல."

அதற்குமேல் அவனிடமிருந்து ஒரு சொல் பெயரவில்லை. இருக்கலாம் என்று சொன்னால் இருந்திருப்பாள். போகலாம் என்று சொன்னால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பாள். இவன் மனசில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் எதைச் செய்தாலும் அது தப்பாகத்தான் முடியும் என்று அவளுக்குப் பட்டது. தினமும் நூறு மைலுக்குக் குறையாத மணல் ரோட்டில் அவளும் தபால் தட்டும் இந்த யோசனையுமாகப் போய்வந்தார்கள்.

காரில் ரேடியோ இருந்தது, இருந்து என்ன பிரயோசனம்? மேட்டில் ஏறினால் மாட்டு விலை, பள்ளத்தில் இறங்கினால் இரைச்சல். அவள் தம்பி டெல்பர்ட் லாரி ஓட்டுகிறவன். அவன்தான் ஒரு நாள் வந்து, "அக்கா, நான் புதுசு வாங்கிட்டேன். இது சும்மாதான் கெடக்கு, வெச்சுக்க. ஒரு வருஷத்துக்குச் சந்தா கட்டியிருக்கேன்" என்று ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். சேட்டிலைட் ரேடியோ. கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லைவரை எங்கே போனாலும் அறுந்துபோகாதாம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மாடுகளெல்லாம் வெளியே நிற்க, கொட்டகை காலியாகக் கிடந்தது. பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் பெட்டியைப் பிரித்து ஒயர்களைக் காரின் முன்மூடியில் பரப்பி வைத்துக்கொண்டு முழித்தாள். சமையலறைக் கதவு திறந்தது. லேலண்ட் கம்பு ஊன்றி வந்து நின்றான்.

"நாற்காலிய எடுத்துப் போடு" என்றான்.

அவள் நாற்காலியைப் போட்டு, மடியில் கம்பளியையும் போட்டுவிட்டாள்.

"காத்துல வர்ற பாட்டுக்குக் காசு கட்டுறானா உன் தம்பி?"

"காத்துல இல்ல. மேல சேட்டிலைட்டுலேர்ந்து வருது."

"மேலேர்ந்து வந்தாலும் காத்து வழியாத்தானே வரணும்? சொரங்கம் வழியாவா வரும்?"

இவ்வளவு நீளமாக அவன் பேசிப் பல வாரமாயிற்று. ஆர்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நிறுத்திவிடுவானோ என்று பயம்.

"அந்தக் குட்டி ஆண்டெனாவ எங்க வெக்கிற?"

"முன்னாடி மூடி மேல. எடம் இருக்குல்ல."

"அது ஆப்பம் சுடுற எடமா? கூரை நடுவுல வை. தெக்கு வானம் மறையாம தெரியணும் அதுக்கு. காந்தம் இருக்கு, ஒட்டிக்கும்."

டக்கென்று ஒட்டிக்கொண்டது. ஒயரைப் பின்கதவு ரப்பருக்கு அடியில் நுழைக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரால் குத்தப்போனாள்.

"கிழிச்சிராத. வெண்ணெய் தடவுற கத்திய எடுத்துட்டு வா. மொழுக்குன்னு போயிரும்."

வெண்ணெய்க் கத்தியால் ரப்பரைத் தூக்கித் தூக்கி ஒயரை உள்ளே ஒளித்து, கம்பளத்துக்கு அடியில் கொண்டுவந்து, முன்பக்கம் எடுத்தாள். பெட்டியை முன்பலகையில் ஒட்டப் பார்த்தால் குளிருக்குப் பசை பிடிக்கவில்லை. அதற்கும் அவனே வழி சொன்னான். தலை உலர்த்துகிற மெஷினைச் சமையலறையிலிருந்து நீள ஒயரில் இழுத்துவந்து பலகையைச் சூடு காட்டினாள்.

"ஒட்டட்டுமா?"

"இரு. எங்க ஒட்டுறதுன்னு பாக்கணும். ரெண்டு கையும் வேலையா இருக்கும் உனக்கு. போய் உக்காரு."

அவள் வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவன் எழுந்து கம்பை ஊன்றி, ஸ்டீயரிங் பக்கத்துக் கதவு வழியாக உடம்பை உள்ளே வளைத்தான். இடுப்பு வலிப்பது முகத்தில் தெரிந்தது.

"ஸ்டீயரிங்கப் பிடி. எப்பவும் பிடிக்கிற மாதிரி. கட்டை வெரல நீட்டு."

நீட்டினாள். அவள் விரல் எட்டும் இடத்தைத் தன் சாணால் அளந்து, பலகையில் நகத்தால் ஒரு கோடு போட்டான். அவன் கை அவள் மணிக்கட்டில் கொஞ்ச நேரம் இருந்தது. "இங்க" என்றான். அங்கேயே ஒட்டினார்கள்.

இனி மிச்சம் ஒன்றுதான். சேட்டிலைட் பெட்டிக்குச் சொந்தமாக ஸ்பீக்கர் கிடையாது. வானத்திலிருந்து வாங்குகிற பாட்டை, காலியாக இருக்கும் ஒரு ரேடியோ எண்ணில் அதுவே ஒலிபரப்பும். கார் ரேடியோவையும் அதே எண்ணில் வைத்தால் காரில் பாடும். லேலண்ட் ரேடியோ குமிழை மெல்லத் திருகினான். மாட்டு விலை வந்தது, சர்ச் பாட்டு வந்தது, கடைசியில் ஓரத்துக்குப் போனதும் வெறும் இரைச்சல்.

"இதுல வெச்சுக்க. எண்பத்தெட்டுப் புள்ளி ஒண்ணு."

"அங்க ஒண்ணுமே இல்லையே!"

"எடம் காலியா இருந்தாத்தானே குடிவெக்க முடியும்?"

அவன் வாயோரம் லேசாகக் கோணியது. இடுப்பு வலி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஆர்லிஸின் உலகமே மாறிவிட்டது. பாட்டுக்கென்று எத்தனையோ சேனல்கள் இருந்தும் அவள் மனசு பழைய ரேடியோ நாடகங்கள் போடும் சேனலில் போய் நின்றுகொண்டது. அவள் ஆற்றங்கரை வீடுகளுக்குத் தபால் போட வரும் நேரத்துக்கு ஒரு தொடர் வரும். கடலோரக் கலங்கரை விளக்கத்தைக் காவல் காக்கிற ஒரு விதவை, பெயர் மார்செலினா. புயலில் ஒதுங்கிய ஒரு கப்பல் கேப்டன். அவன் நல்லவனா, அவள் புருஷனைக் கடலில் தள்ளினவனா என்பதுதான் கேள்வி. அழுகை, இடி, முத்தம், கதவு அறைகிற சத்தம் எல்லாம் உண்டு. நெப்ராஸ்காவில் கடலைக் கண்ணால் கண்டவர்கள் கம்மி. ஆர்லிஸும் கண்டதில்லை. சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற அம்மாள் இப்படி முத்தச் சத்தம் கேட்டுக்கொண்டு போகிறாள் என்று வெளியில் தெரிந்தால் வெட்கக்கேடு. காருக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

இன்னொரு நல்லதும் அந்த வாரங்களில் நடந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் நேரம் ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது. சேறு, பனி, பார்சல் என்று முன்னே பின்னே ஆகும். ஆனாலும் அவள் கோட்டைக் கழற்றும்போது மேசையில் ஊற்றி வைத்த காப்பியில் ஆவி பறக்கும். லேலண்ட் எதிரில் உட்கார்ந்திருப்பான். அடுப்பில் எந்நேரமும் சூடாகவே வைத்திருப்பான் போல என்று நினைத்தாள். அப்படி வைத்திருந்தால் காப்பி கசந்துபோயிருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. குடித்து முடித்ததும் வெர்லாவுக்கு என்ன சொல்லட்டும் என்று கேட்பாள். "உன் இஷ்டம்" என்பான். காப்பி கொடுத்த சந்தோஷமெல்லாம் வடிந்துவிடும்.

மார்ச் கடைசி வியாழன் வந்தது. நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை மாட்டு ஏலம் நடக்கும் நாள். ஏலக் கூடத்துச் சாப்பாட்டுக் கடையில் மிளகாய் போட்ட பீன்ஸ்-கறிக் குழம்பும், அதைத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை தூவிய இனிப்பு ரொட்டிச் சுருளும் கிடைக்கும். இந்த ஜோடி வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. ஆர்லிஸ் வேலை முடித்து உள்ளே நுழைந்து, தட்டை வாங்கிக்கொண்டு வந்தபோது ஓட்டோவும் ஆற்றங்கரை வீட்டுக்கார அம்மாள் ஃபெர்னும் ஒரு மேசையில் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேப்டன் நல்லவன்தான். நேத்து மெழுகுவத்தி ஏத்தும்போது அவன் கை நடுங்குச்சுன்னு சொன்னாங்கல்ல" என்றார் ஓட்டோ.

"உங்களுக்கு ஆரம்பம் மட்டும்தானே வருது? எங்க வீட்டுல வந்ததைக் கேட்டிருந்தா இப்படிப் பேசமாட்டீங்க. அவ கழுத்துச் சங்கிலிய எடுத்துப் பையில போட்டுக்கிட்டான்" என்றாள் ஃபெர்ன்.

"எடுத்தானா? அடப்பாவி!"

"அப்புறம் என்ன ஆச்சுன்னு ஸ்ப்ரேக் வீட்டுல கேக்கலாம்னா, அவங்களுக்குப் பாவம், எப்பவும் சோப்பு வெளம்பரம்தான் வருது. மூணு வாரமா சோப்பு!"

ஆர்லிஸின் கையிலிருந்த தட்டு மேசையில் தானாக இறங்கியது.

"நீங்க எந்தக் கதையச் சொல்றீங்க?" என்று கேட்டாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். ஃபெர்ன் ரொட்டியால் வாயை அடைத்துக்கொண்டாள். ஓட்டோதான் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, உனக்கு நெசமாவே தெரியாதா? நீ எங்க பெட்டிகிட்ட நின்னா உன் நாடகம் எங்க ரேடியோவுல வருது. மொத நாளு எனக்குக் குலையே நடுங்கிருச்சு. கொட்டகை மைக்கக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், திடீர்னு ஒரு பொம்பள 'என்ன விட்டுப் போயிராதீங்க'ன்னு அழுவுறா. எங் கொட்டகையில பொம்பளையா! ஒத்தக் கால் பூட்ஸோட ஓடுறேன், அங்க மாடுதான் நின்னு என்னப் பாக்குது."

"எப்படி வரும்? அது காருக்குள்ளதானே பாடுது!"

"அந்தப் பெட்டிக்குக் கொஞ்சம் வலு ஜாஸ்தி போல. எங்க மைக்கெல்லாம் எண்பத்தெட்டுப் புள்ளி ஒண்ணுலதானே இருக்கு. உம் பெட்டியும் அதுலதான் இருக்கு. பக்கத்துல வந்தா மாட்ட அமுக்கிட்டு மார்செலினா ஏறிக்கிறா."

"எல்லா வீட்டுலயுமா?"

"ஆத்தங்கரை முழுக்க" என்றாள் ஃபெர்ன். "நீ ஒவ்வொரு வீட்டுலயும் கொஞ்சம் நிக்கிற. எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு. வியாழக்கெழமை இங்க உக்காந்து ஒட்டவெச்சுப் பாக்குறோம். தயவுசெஞ்சு நிறுத்திராத ஆர்லிஸ். நேத்து பார்சல் எறக்கினியே, அப்ப எனக்கு முத்தம் முழுசாக் கெடச்சுச்சு."

ஆர்லிஸின் மானம் கேப்டனோடு கப்பலேறியது. மூன்று வாரமாக ஆற்றங்கரை முழுக்க முத்தச் சத்தத்தைத் தபாலோடு சேர்த்து விநியோகம் செய்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் முன்னால் உட்கார்ந்தபோது பின்வரிசையில் சிரிப்பு கேட்டதன் காரணம் இப்போது புரிந்தது.

"இந்த எண்ணுல எல்லாரு மைக்கும் இருக்குன்னு எனக்கெப்படித் தெரியும்?" என்றாள்.

"உனக்குத் தெரியாது, சரி. லேலண்டுக்குத் தெரியாதா?" என்றார் ஓட்டோ. "போன வருஷம் எங்க எல்லாருக்கும் மைக்க மாட்டி, எண்ண வெச்சுக் குடுத்ததே அவன்தானே."

ஆர்லிஸ் குழம்பைத் தொடாமல் கிளம்பினாள்.

வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு கொதித்தது. தெரிந்தே செய்திருக்கிறான். எனக்கு வந்த ஒரே சந்தோஷத்தை ஊர் சிரிக்க வைத்திருக்கிறான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டான், குறும்புக்கு மட்டும் குறைச்சலில்லை. நாளைக்கு வெர்லாவிடம் சரியென்று சொல்லிவிடுகிறேன், மாட்டை விற்றுவிட்டு டவுனில் போய் உட்காரட்டும், அங்கே யார் ரேடியோவில் யாரை விடுவான் பார்ப்போம். இப்படி நினைத்துக்கொண்டே பண்ணை கேட்டுக்கு வந்து நின்றாள். காரில் யாரோ வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலால் சேட்டிலைட் பெட்டியை ஒரு குத்து குத்தி அணைத்தாள். மூன்று வாரத்தில், வீட்டு வாசலுக்குப் போய்ச் சேருமுன் அவள் அதை அணைத்தது அதுதான் முதல் தடவை.

இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கார் ரேடியோ எண்பத்தெட்டுப் புள்ளி ஒன்றில் இரைந்துகொண்டிருந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. வைக்கோல் நெரிபடும் சத்தம். அடித்தொண்டையில் ஒரு முனகல்.

அப்புறம் லேலண்டின் குரல்.

"பதறாதடி கண்ணு. மொதக் கன்னு அப்படித்தான் இருக்கும். ஓட்டோவுக்குப் போன் போட்டேன், அவன் ஏலத்துல போய்க் குந்தியிருக்கான். நானும் நீயும்தான் இப்ப. எனக்கு இடுப்பு சரியில்ல, உனக்கும் இடுப்பு சரியில்ல. நல்ல ஜோடி."

மாட்டுப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிற மனிதன், பனிச்சேற்று முற்றத்தைக் கம்பு ஊன்றித் தாண்டிக் கொட்டகைக்குள் போயிருக்கிறான். ஆர்லிஸ் பெடலில் காலை வைத்தாள். அழுத்தவில்லை. நவம்பருக்கு அப்புறம் அவன் இத்தனை வார்த்தை தொடர்ந்து பேசி அவள் கேட்டதில்லை.

"இப்ப வந்துருவா அவ. நான் சமையல்கட்ட விட்டுக் கெளம்புறவரைக்கும் பாட்டு வரல. ரேடியோவுல பாட்டு வந்தா வாசக் கேட்டுகிட்ட வந்துட்டான்னு அர்த்தம். நான்தான் அங்க இல்லையே, இன்னிக்கு யாரு காப்பி ஊத்துறது, சொல்லு? முக்கு. இன்னும் கொஞ்சம். அப்படித்தான்."

மாடு முனகியது.  அவன் குரல் தணிந்து வந்தது.

"நாளைக்கு வெர்லாகிட்ட என்ன சொல்லுவாளோ. தெனம் கேக்குறா, நான் சொல்லமாட்டேங்குறேன். எனக்கு என்ன வேணும்னு சொல்லிட்டா அதைத்தான் செய்வா. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அப்படித்தான். இந்த மணல்ல வந்து குடியிருந்ததே எனக்காகத்தான். இந்த ஒரு தடவையாச்சும் அவளுக்குப் பிடிச்சத அவ செய்யட்டும். ஆனா சன்னல் இல்லாத ரூம்புல உக்காந்து கடுதாசி அடுக்க அவளால முடியுமாடி? ரோட்டுல போற பொம்பள அவ. வாடிப்போயிருவா. நான் இருக்குற எடத்துல இருந்துக்குவேன். எனக்கு இந்த மாடு, இந்த மேடு, சாயங்காலம் அவ வர்ற சத்தம், இது போதும். இதையெல்லாம் அவகிட்டச் சொல்லமாட்டேன். நீயும் சொல்லிராத."

ஆர்லிஸ் ரேடியோவின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்புறம் மூக்கைக் கையுறையில் துடைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்தது திறந்தபடியே விட்டுவிட்டு, காரை நேராகக் கொட்டகை வாசலுக்கு விட்டாள்.

லேலண்ட் தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, தலையீத்துக் கிடாரியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். கன்றின் இரண்டு குளம்பும் மூக்கும் வெளியே தெரிந்தன. அவளைப் பார்த்ததும் திருட்டு முழி முழித்தான்.

"சத்தமே கேக்கல, எப்ப வந்த? டாக்டர்கிட்டச் சொல்லிராத."

"கன்னு இழுக்குற சங்கிலி எங்க?"

"ஆணியில. ரெண்டு காலுக்கும் போடு, மூட்டுக்கு மேல. அவ முக்கும்போது மட்டும் இழு."

அவள் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வைக்கோலில் உட்கார்ந்து, சுவரில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள். அவன் வாளியிலிருந்தபடி, "இப்ப, இப்ப, நிறுத்து, மூச்சு விடட்டும், இப்ப" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கன்று வழுக்கிக்கொண்டு அவள் மடியில் வந்து விழுந்தது. மூக்கில் வைக்கோலை விட்டுக் கிளறியதும் தும்மிற்று. தாய் திரும்பிப் பார்த்து, இது எங்கிருந்து வந்தது என்பதுபோல முகர்ந்து, பிறகு நக்கத் தொடங்கியது.

இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆர்லிஸின் சட்டையெல்லாம் நனைந்து நாறியது.

"நாளைக்கு வெர்லாவுக்குப் பதில் சொல்லணும். என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள்.

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம்னா நான் ரோட்டுலயேதான் ஓட்டுவேன். ரூம்புக்குள்ள உக்காந்தா வாடிப்போயிருவேன்."

லேலண்டின் கை மாட்டின் முதுகில் அப்படியே நின்றது.

"யாரு சொன்னா?"

"மாடு சொல்லிருச்சு."

"எந்த மாடு?"

அவள் மேலே கையைக் காட்டினாள். உத்திரத்தில் மைக் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான், வாசலில் நிற்கிற காரைப் பார்த்தான், காதுவரை சிவந்துபோனான்.

"பெட்டிய அணைச்சியா?"

"அணைச்சேன். நீ ஊரு முன்னாடி என் மானத்த வாங்கிட்டன்னு ஆத்திரத்துல அணைச்சேன். ஏன் லேலண்ட், வேற எண்ணே கெடைக்கலையா உனக்கு?"

அவன் வைக்கோல் துரும்பை எடுத்து ஒடித்தான்.

"மத்தவங்க மைக்கும் அதே எண்ணுலதான்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல. நெசமா. நம்ம வீட்டுக்கு மட்டும்னு நெனச்சேன்." ஒடித்ததைக் கீழே போட்டுவிட்டு, "நாளெல்லாம் உக்காந்திருக்கேன். நீ எப்ப வருவன்னு தெரியாது. மாடு முனகுறத மட்டும் கேட்டுக்கிட்டு எம்புட்டு நேரம் இருக்குறது? பாட்டு வந்தா எந்திரிச்சுக் காப்பி ஊத்தலாம். எனக்கும் ஒரு வேலைன்னு இருக்கும்ல" என்றான்.

ஆர்லிஸுக்கு மறுபடி அழுகை வரப்பார்த்தது. அதை மறைக்க எழுந்து நின்றாள். மரத்துப்போன கால் மடங்கி, இடப்பக்கமாகச் சாய்ந்து, கதவைப் பிடித்துக்கொண்டாள்.

லேலண்ட் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"கொட்டகை சாஞ்சிருச்சு போலருக்கே" என்றான்.

அவள் சங்கிலியைத் தூக்கி அவன்மேல் எறிந்தாள். இருவரும் சிரித்த சிரிப்பில் கன்று மிரண்டு எழப்பார்த்துத் தடுமாறி விழுந்தது.

வெள்ளிக்கிழமை வெர்லாவிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். ஆற்றங்கரையிலிருந்து அணைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவளும் அணைக்கவில்லை. அடுத்த வாரம் வழக்கத்தை மாற்றி, சாண்ட்விச்சை ஆற்றங்கரைக்கு வருமுன்பே நின்று தின்றாள். நேரம் கொஞ்சம் நகர்ந்தது. ஸ்ப்ரேக் வீட்டுக்கு முதன்முறையாக மார்செலினா கிடைத்தாள், சோப்பு ஓட்டோவுக்குப் போயிற்று.

மே மாதம் கன்று போடும் காலம் முடிந்தது. மற்ற வீடுகளில் மைக்கைக் கழற்றி அலமாரியில் போட்டார்கள். லேலண்ட் இப்போது ஒற்றைக் கம்போடு நடந்தான். தன் மைக்கைக் கொட்டகையிலிருந்து கழற்றி, சமையலறை அடுப்புக்கு மேலே ஆணியடித்து மாட்டினான். ரேடியோவுக்கும் மைக்குக்கும் ஒத்துக்கொள்ளாமல் முதல் நாள் வீடே ஊளையிட்டது. பேசுகிற நேரத்தில் ரேடியோவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கண்டுகொண்டான்.

அன்றிலிருந்து ஆர்லிஸ் கேட்டுக்கு வந்ததும் சேட்டிலைட் பெட்டியை அணைப்பாள். வானத்திலிருந்து வருகிற அத்தனை சேனலும் நின்றுபோகும். இரைச்சலுக்குள் ஒரு கரண்டி விழும், நாற்காலி நகரும், ஒருவர் தொண்டையைச் செருமுவார்.

"சாஞ்சுக்கிட்டு வர்ற டிரைவரம்மா, காப்பி ஊத்தியாச்சு. கேட்டச் சாத்திட்டு வா."